கான்கூன் போறீங்களா? ஹோட்டலைப் பார்க்கிறதுக்கு முன்னாடி கடற்கரை எந்தத் திசையைப் பார்க்குதுன்னு பாருங்க

[திரையில்: இரண்டு கடற்கரைப் படங்கள், பக்கத்துப் பக்கத்தில்]

இந்த ரெண்டு படத்தையும் நல்லாப் பாருங்க. இடது பக்கம், இடுப்பளவு தண்ணியில நின்னாலும் கால் விரல் தெரியுது. வலது பக்கம், பழுப்பு நிறப் பாசி கரை முழுக்கக் குவிஞ்சு கிடக்கு, ஓரத்துத் தண்ணி டிகாக்‌ஷன் நிறத்துல இருக்கு. ரெண்டும் ஒரே ஊர்தான். டவுன் பஸ் ஏறினா ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு அரை மணி நேரம் கூட ஆகாது. ஜூன் மாசத்துல வலது பக்கத்து ஹோட்டல்ல ரூம் போட்டவங்களும் இடது பக்கத்துல போட்டவங்களும் ஏறக்குறைய ஒரே காசுதான் கொடுத்திருப்பாங்க.

வணக்கம் மக்களே! இன்னைக்கு மெக்சிகோவோட கரீபியன் கடற்கரை. கான்கூன், பிளாயா தெல் கார்மென், துலூம், கோசுமெல், இஸ்லா முஹேரெஸ், இந்த வட்டாரத்துக்கு எப்படித் திட்டம் போடுறதுன்னு பார்க்கப் போறோம். பின்னணியைச் சட்டுனு முடிச்சிடுறேன். 1970-கள்ல மெக்சிகோ அரசாங்கம் சுற்றுலாவுக்குன்னே திட்டம் போட்டுக் கட்டின ஊர் கான்கூன். முதல் ஹோட்டல்கள் 1974-ல திறந்தது. கான்கூன் இருக்கிற கின்ட்டானா ரோ தனி மாநிலம் ஆனதும் அதே வருஷம். வரலாறு இவ்ளோ போதும், விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: கான்கூன் ஹோட்டல் மண்டலத்தின் வரைபடம்]

மேப்பைப் பெருசாக்கிப் பாருங்க. ஹோட்டல் மண்டலம் 7 எழுதின மாதிரி இருக்கா? மேல் கோடு டவுன்லேர்ந்து கிழக்கால போகுது. அந்தக் கடற்கரைகள் வடக்கைப் பார்க்குது, எதிர்ல இஸ்லா முஹேரெஸ் தீவு காவலா நிக்குது. புன்ட்டா கான்கூன்ங்கிற முனையில திரும்பி, கீழ்க் கோடு தெற்கால இறங்குது. அந்தப் பக்கம் முழுக்க கிழக்கைப் பார்த்தபடி திறந்த கடல்.

இங்க கதவு எண்ணை விட கிலோமீட்டர் கணக்குதான் விலாசம். கி.மீ. 5, கி.மீ. 12 அப்படின்னு போட்டிருப்பாங்க. புன்ட்டா கான்கூன் முனை கி.மீ. 9 பக்கத்துல வருது. அதனால விலாசத்துல 9-க்குக் குறைவான எண் இருந்தா பெரும்பாலும் வடக்குக் கடற்கரை: லாஸ் பெர்லாஸ், லங்கோஸ்தா, தொர்துகாஸ் எல்லாம் இந்தப் பக்கம். பத்துக்கு மேல போனா கிழக்குக் கடற்கரை; போட்டோவுக்குப் பேர்போன டெல்ஃபினெஸ் கி.மீ. 18 பக்கத்துல இருக்கு. புக்கிங் தளம் இதைச் சொல்லாது. விலாசத்துல இருக்கிற ஒரே ஒரு எண் சொல்லிடும். எனக்கு இந்த ஊர்ல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான்.

திசை ஏன் இவ்ளோ முக்கியம்? காரணம் சர்காசம். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் கட்டக்கோரைன்னு அறுக்கிறாங்களே, அந்த இனத்தோட சொந்தக்காரப் பாசிதான். ஆனா நம்ம பக்கத்துப் பாசி பாறையைப் பிடிச்சு வளருது. அட்லாண்டிக்ல இருக்கிற ரெண்டு வகை ஆயுசு முழுக்க எதையும் பிடிக்காம மிதக்குது. ஒரு துண்டைக் கையில எடுத்துப் பார்த்தா மிளகு அளவுல குட்டிக் குட்டி உருண்டைகள் இருக்கும். நசுக்கினா பட்டுனு வெடிக்கும், உள்ள காற்று. அதுதான் மிதவை. 1492-ல கொலம்பஸ் கப்பல்கள் இந்தப் பாசி மேலதான் நாள்கணக்கா போச்சு. சர்காசோ கடலுக்குப் பேர் வந்ததே இதால.

அப்போ கரீபியன்ல காலங்காலமா இருந்த தொல்லையான்னா, இல்லை. இந்த அளவுல வர ஆரம்பிச்சது 2011-லதான். 2009-10 குளிர்காலத்துல காற்று வழக்கத்துக்கு மாறா வீசி, வடக்கே இருந்த பாசியைத் தெற்கே வெப்ப மண்டலத்துக்குத் தள்ளிடுச்சு, அங்க வெயிலும் சத்தும் கிடைச்சு அது பெருகிடுச்சுங்கிறது ஆய்வாளர்கள் சொல்ற ஒரு விளக்கம். இப்போ மேற்கு ஆப்பிரிக்காவுலேர்ந்து மெக்சிகோ வளைகுடா வரைக்கும் ஒரு பட்டையா நீண்டு கிடக்கு. 2018-ல அதோட நீளம் சுமார் 8,850 கி.மீ., எடை 2 கோடி டன்னுக்கு மேல. 2025 மே மாசம் 3.75 கோடி டன்னைத் தொட்டுச்சு. கிழக்குலேர்ந்து வர்ற நீரோட்டமும் காற்றும் இதைத் தள்ளிட்டு வரும்போது, கிழக்கைப் பார்த்து நிக்கிற கரைதான் முதல்ல வாங்கிக்கும்.

கடல்ல மிதக்கிறப்ப இது நல்லதுதான். குட்டி ஆமைக்கும் மீன் குஞ்சுக்கும் இதுதான் வீடு. கரையில ஒதுங்கி ரெண்டு நாள் ஆச்சுன்னா ஆரம்பிக்கும் வம்பு. அழுகி ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும், அழுகின முட்டை நாத்தம். ஆஸ்துமா இருக்கிறவங்க அந்தப் பக்கமே போகக் கூடாது. நாள்பட்டா ஏசிக்குள்ள இருக்கிற செப்புக் குழாயையே அரிக்கும். பாசிக்கு நடுவுல நீந்தினா அதுல ஒட்டிக்கிட்டு வர்ற குட்டிக் குட்டிக் கடல் உயிரிகள் பட்டு உடம்புல அரிப்பும் தடிப்பும் வரலாம். உரமாப் போட்டா என்னன்னு நிறையப் பேர் கேக்குறீங்க. இது கடல்லேர்ந்து ஆர்செனிக்கை இழுத்து வெச்சுக்கும், அதனால அப்படியே அள்ளி வயல்ல கொட்ட முடியாது.

"எங்ககிட்ட தடுப்பு இருக்கு"ன்னு ஹோட்டல்காரங்க சொல்வாங்க. கடல்ல மிதக்கிற, கீழ வலை தொங்குற தடுப்பு அது. கடல் அமைதியா இருக்கிறப்ப நல்லா வேலை செய்யும். அலை எழும்பினா பாசி மேலேயும் தாண்டும், அடியிலேயும் நுழையும். இயந்திரத்தை விட்டு வாரினா பாசியோட சேர்ந்து மணலும் போகும், கரை தேயும். அதுவும் மே முதல் அக்டோபர் வரைக்கும் ஆமை முட்டையிடுற காலம், அடையாளம் போட்ட இடத்துல வண்டியே ஏத்தக் கூடாது. அதனால ஹோட்டலுக்கு மெயில் போட்டு நேரா இதைக் கேளுங்க: உங்க கடற்கரை எந்தத் திசையைப் பார்க்குது? தடுப்பு இப்போ தண்ணியில இருக்கா? காலையில எத்தனை மணிக்குள்ள சுத்தம் பண்ணி முடிப்பீங்க? சுத்தி வளைச்சுப் பதில் வந்தா அந்த ஹோட்டலை விட்டுடுங்க.

எந்தக் கரைகள் ஓரளவு தப்பிக்கும்? கோசுமெல் தீவோட மேற்குப் பக்கம், இஸ்லா முஹேரெஸ்ல பிளாயா நோர்தே, கான்கூன்ல நான் சொன்ன மேல் கோடு. பிளாயா தெல் கார்மென், துலூம் ரெண்டும் நேரா அடி வாங்குற இடம். கோசுமெலோட கிழக்குக் கரையும் அப்படித்தான். துலூம் அழகான ஊர், மறுக்கலை. ஆனா மே, ஜூன், ஜூலையில கடல் குளியலுக்காக மட்டும் அங்க போகாதீங்கங்கிறது என் உறுதியான கருத்து.

பாசிக் காலம் பொதுவா மார்ச், ஏப்ரல்ல ஆரம்பிச்சு ஆகஸ்ட், செப்டம்பர் வரை. சவுத் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் செயற்கைக்கோள் படத்தை வெச்சு மாசா மாசம் அறிக்கை போடுது, இந்த வருஷம் அதிகமா கம்மியான்னு அதுல தெரிஞ்சுக்கலாம். குறிப்பிட்ட கரைக்கு எப்போ வரும்ங்கிறது சில நாள் முன்னாடிதான் தெரியும். கிளம்புறதுக்கு முந்தின வாரம் அந்தக் கடற்கரையோட நேரலைக் கேமராவைப் பாருங்க. விமர்சனங்களைப் புதுசுலேர்ந்து வரிசைப்படுத்தி, விருந்தாளிகள் எடுத்த படத்தை மட்டும் பாருங்க. ஹோட்டல் போட்ட படம் எதுக்கும் ஆகாது.

இங்க ஒரு திருப்பம் இருக்கு, வீடியோவை நிறுத்திடாதீங்க. நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் கணக்கு அப்படியே தலைகீழ். வடக்கேயிருந்து குளிர் காற்று வரும், அங்க இதை நோர்தேன்னு சொல்வாங்க. ரெண்டு மூணு நாள் விடாம அடிக்கும். அப்போ கலங்குறது வடக்கைப் பார்த்த கரைதான். காற்று பலமா இருந்தா துறைமுகத்தை மூடிடுவாங்க. பிளாயா தெல் கார்மென்லேர்ந்து கோசுமெலுக்குப் படகுல முக்கால் மணி நேரம், கான்கூன்லேர்ந்து இஸ்லா முஹேரெஸுக்கு இருபது நிமிஷம், ரெண்டுமே நிக்க வாய்ப்பிருக்கு. தீவுல தங்குறவங்க ஊர் திரும்புற விமானத்துக்கு முந்தின ராத்திரியே நிலப்பக்கம் வந்துடுங்க.

மாசம் எதுன்னு கேட்டா, நவம்பர் நடுவுலேர்ந்து டிசம்பர் நடு வரைக்கும். பாசி அடங்கியிருக்கும், புயல் காலம் முடியுற கட்டம், கிறிஸ்துமஸ் விலை இன்னும் ஏறியிருக்காது. புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை; ஆகஸ்ட் நடுவுலேர்ந்து அக்டோபர் நடு வரைதான் உச்சம். 2005 அக்டோபர்ல வில்மா புயல் கான்கூன் கடற்கரை மணலையே வாரிட்டுப் போச்சு. பயணக் காப்பீடு எடுக்கிறவங்க டிக்கெட் போட்ட அன்னைக்கே எடுங்க. புயலுக்குப் பேர் வெச்ச பிறகு வாங்கின காப்பீடு அந்தப் புயலுக்குப் பொதுவா செல்லாது. பாசி வந்து விடுமுறை கெட்டதுக்கும் காசு தர மாட்டாங்க.

வீசா ஒரே வரியில: இந்தியப் பாஸ்போர்ட்ல செல்லுபடியாகிற அமெரிக்க, கனடா, பிரிட்டன், ஜப்பான் அல்லது ஷெங்கன் வீசா இருந்தா மெக்சிகோவுக்குத் தனி வீசா வேண்டாம், ஆனா அமெரிக்கா வழியா விமானம் மாறினாலே அமெரிக்க வீசா வேணும்ங்கிறதை டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி யோசிச்சுக்கோங்க.

விமான நிலையத்துல சுங்கம் தாண்டினதும் ஒரு கூடம் வரும். அட்டை தொங்கவிட்டவங்க "உங்க வண்டி எது, ஹோட்டல் எது"ன்னு கூப்பிடுவாங்க. பெரும்பாலும் டைம்ஷேர், அதாவது வருஷத்துல சில நாள் தங்குற உரிமையை, விக்கிறவங்கதான். நிக்காம வெளிய வந்துடுங்க, முன்பதிவு பண்ணின வண்டி கட்டடத்துக்கு வெளியதான் நிக்கும். பிளாயா தெல் கார்மென் 55 கி.மீ., ஆடோ கம்பெனி பஸ் நேரா போகுது. துலூம் 120 கி.மீ. மின் சிகரெட் பையில இருந்தா எடுத்து வீட்டுலயே விட்டுடுங்க, மெக்சிகோவுல அதைக் கொண்டு வரத் தடை.

வாடகைக் கார் எடுக்கிறவங்க கவனிங்க. இணையத்துல நாளுக்கு அஞ்சு டாலர்னு காட்டும். கவுன்ட்டர்ல போனா பல மடங்கு ஆகும். ஏமாத்துன்னு சண்டை போடுவோம், ஆனா விஷயம் வேற: மூணாம் நபர் காப்பீடு அங்க கட்டாயம், அந்த விலையில அது இருக்காது. கிரெடிட் கார்டு காப்பீடும் பொதுவா இதுக்கு ஈடாகாது. காப்பீட்டோட சேர்ந்த விலையை எழுத்துல வாங்கிட்டு அப்புறம் ஒப்பிடுங்க. பெட்ரோல் பங்க்ல மீட்டர் பூஜ்யத்துல இருக்கான்னு பார்த்துட்டு மூடியைத் திறங்க. கார்டு இயந்திரம் டாலரா பேசோவான்னு கேட்டா பேசோவைத் தொடுங்க, டாலரைத் தொட்டா மாற்று விகிதத்துல கை வெச்சிடுவாங்க.

சைவக்காரங்களுக்கு ஒண்ணு. மசிச்ச பீன்ஸ் சைவம்தானேன்னு நம்பிடாதீங்க, பன்றிக் கொழுப்புல வதக்குற பழக்கம் உண்டு. "சின் மான்தேக்கா", அதாவது பன்றிக் கொழுப்பு இல்லாமன்னு சொல்லிக் கேளுங்க.

மாயா காலத்துப் பிரமிடு இருக்கிற சிச்சென் இட்சா போறவங்களுக்குக் கடைசியா ஒரு கணக்கு. கான்கூன்லேர்ந்து 200 கி.மீ., சுங்கச் சாலையில ரெண்டரை மணி நேரம், சுங்கத்துக்குப் பேசோ ரொக்கம் வெச்சுக்கோங்க. அது யுகட்டான் மாநிலம், அங்க கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னாடி. காலை 6 மணிக்குக் கிளம்பினா அங்க 7.30-க்குப் போயிடுவீங்க. எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போது டூர் பஸ் கூட்டம் வந்திருக்காது, வெயிலும் ஏறியிருக்காது. திரும்புறப்ப அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுத்தாகணும்: அங்க மதியம் 1 மணிக்குக் கிளம்பினா கான்கூன்ல சாயங்காலம் 4.30. ஊர் திரும்புற நாள்ல மட்டும் இந்தப் பயணத்தை வைக்காதீங்க.