நீல நிலாவும் பறக்கும் பன்றியும்

நேயர்களுக்கு வணக்கம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரிடம் வெளிநாட்டு வியாபாரி ஒருவர், "இந்த டிசைனுக்கு ஆர்டர் வருமா?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எப்போதாவது வரும் என்று சொல்ல நினைத்த நம்மவர், "வென் பிக்ஸ் ஃப்ளை" என்று சொல்லிவிட்டால் வியாபாரி அந்த டிசைனையே மறந்துவிடுவார். பன்றி என்றைக்குப் பறப்பது, ஆர்டர் என்றைக்கு வருவது! எப்போதாவது என்றால் "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்". ஆங்கிலத் தொடர்களைச் சொல்லித்தரும் புத்தகங்களில் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கும், அதனால் வரும் குழப்பம் இது.

ஒரே ஆங்கில மாதத்தில் இரண்டு பௌர்ணமி வந்தால் இரண்டாவதை ப்ளூ மூன் என்கிறார்கள். சுமார் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வரும். 2018 ஜனவரி 31 மாலை சந்திர கிரகணம் பார்த்தோமே, அது ப்ளூ மூன்தான். அந்த ஆண்டு மார்ச்சிலும் இரண்டு பௌர்ணமி. நடுவில் மாட்டிய பிப்ரவரிக்கு ஒன்றுகூட இல்லை! இத்தனைக்கும் இந்தக் கணக்கே 1946-இல் அமெரிக்க வானியல் பத்திரிகை ஒன்று பழைய பஞ்சாங்கத்தைத் தவறாகப் படித்ததால் பரவியது. "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்" என்ற தொடர் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. நிலாவும் அன்றைக்கு நீலமாக இருக்காது. நம்முடைய 'அத்தி பூத்தாற்போல'வும் இதே கதைதான். அத்தி ஒழுங்காகப் பூக்கிறது, பூவெல்லாம் காய்க்குள்ளே ஒளிந்திருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. என்னைக் கேட்டால், 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நம் சேர்வராயன் மலைக் குறிஞ்சிக்குத்தான் அந்தப் பெருமை போயிருக்க வேண்டும்.

அப்புறம், "ரேர் ஆஸ் ஹென்ஸ் டீத்". கோழிக்கு ஏது பல்? நம் குதிரைக் கொம்புதான் இது. ஆனால் ப்ளூ மூன் ஒரு காரியம் எத்தனை நாளைக்கு ஒருமுறை நடக்கிறது என்பதைச் சொல்லும், இது ஒரு பொருள் கிடைக்காததைச் சொல்லும். நான் ஏற்காடு போவது ப்ளூ மூன். கோடை விழா சமயத்தில் அங்கே காலி ரூம் கிடைப்பது ஹென்ஸ் டீத்.

பன்றிக்கு வருவோம். அது அடுத்தவர் நம்பிக்கையைக் கிண்டல் செய்வது. "இந்த வருஷம் கடனையெல்லாம் அடைத்துவிடுவேன்" என்று மாமா சொன்னால், "அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா" என்று யாராவது முணுமுணுப்பார்களே, அந்தத் தொனி. "வென் ஹெல் ஃப்ரீசஸ் ஓவர்" அப்படியல்ல. நரகம் பனியாக உறைந்தாலொழிய நான் செய்யமாட்டேன் என்ற வீம்பு பெரும்பாலும் அதில் இருக்கும். "அங்கே திரும்ப வேலைக்குப் போவாயா?" என்று நண்பர் கேட்டால் தாராளமாகச் சொல்லலாம். ராஜினாமாக் கடிதத்தில் மட்டும் எழுதிவிடாதீர்கள், அனுபவச் சான்றிதழை அவர்களிடம்தான் வாங்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.