சமையலறை மேஜையில் ஒரு ஓவியர்

வணக்கம் நேயர்களே. நான் பல வருஷம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவன். அதனால் இன்று இன்னொரு டிராயிங் டீச்சரைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அவர் பெயர் ஆல்மா தாமஸ். அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி. 1891-இல் ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் பிறந்தார். கறுப்பினப் பிள்ளைகள் மியூசியத்துக்குள் கால் வைக்க முடியாத ஊர் அது. 1907-இல் குடும்பம் வாஷிங்டனுக்கு வந்தது. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவர்தான், 1924-இல். அப்புறம் 35 வருஷம் பள்ளியில் ஓவியம் சொல்லிக் கொடுத்தார்.

ஓய்வு பெற்றது 1960-இல். சில வருஷத்தில் மூட்டுவலி படுத்தி எடுத்தது, தூரிகையையே விட்டுவிடலாமா என்று நினைத்தார். அந்த நேரத்தில்தான் ஹோவர்டில் கண்காட்சி வைக்க அழைப்பு வந்தது. இதுவரை செய்யாத ஒன்றைச் செய்ய வேண்டும் என்று வீட்டு ஜன்னல் வழியே பார்த்தார். வெளியே ஹாலி என்ற முள் இலை மரம். அதன் இலைகளுக்கிடையே வெளிச்சம்.

உச்சி வெயிலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பீர்கள். காற்றில் கிளை அசைய, தரையில் வெயில் துண்டு துண்டாக ஆடும் இல்லையா? அதுதான் அவர் படம். விரல் அகலத்தில் வண்ணத் தீற்றல்கள், வரிசை வரிசையாக. இடையிடையே வெள்ளை எட்டிப் பார்க்கும். ஆள் இல்லை, மரம்கூட இல்லை, வெளிச்சம் மட்டும்தான். இத்தனையையும் சின்னச் சமையலறையில் வைத்தே வரைந்தார்.

1972-இல் நியூயார்க் விட்னி மியூசியம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. அங்கே தனிக் கண்காட்சி கண்ட முதல் கறுப்பினப் பெண் அவர். அப்போது வயது எண்பது. மறுபடி சொல்கிறேன், எண்பது!

இப்படிப்பட்டவர்களைத் தாங்கள் 'கண்டுபிடித்தோம்' என்று கலை உலகத்தில் எழுதுகிறார்கள். எனக்கு அந்த வார்த்தையே பிடிக்காது. 1907 முதல் 1978-இல் சாகும்வரை அவர் அதே வீட்டில்தான் இருந்தார். வெள்ளை மாளிகை அங்கிருந்து நடந்து போகும் தூரம். 1966-இல் வரைந்த 'உயிர்த்தெழுதல்' என்ற படம் அந்த மாளிகையின் சாப்பாட்டு அறைச் சுவருக்கு வந்து சேர்ந்தது 2015-இல். நடந்து போகும் தூரத்துக்கு 49 வருஷம்!

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்த நார்மன் லூயிஸ் என்ற கறுப்பின ஓவியர் பற்றியும் குறித்து வைத்திருந்தேன். சரி, ஒன்று மட்டும். 1950-இல் நியூயார்க்கின் அரூப ஓவியர்கள், அதாவது உருவங்களை விட்டு வண்ணத்தாலும் கோட்டாலும் வரைபவர்கள், கூடி விவாதித்தபோது மேஜையைச் சுற்றி இருந்தவர்களில் கறுப்பினத்தவர் அவர் ஒருவர்தான். அவர் காலமானது 1979-இல். அவருடைய மொத்தப் படைப்புகளையும் ஒரு மியூசியம் விரிவாகக் காட்டியது 2015-இல்தான். நன்றி, வணக்கம்.