நான்கு எல்லைக்குள் ஒரு பலாமரம்

(தக்கலையில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

"இந்த வேலை மட்டும் இல்லையென்றால் நீ எங்கேயோ போயிருப்பாய்" என்று என்னிடம் சொல்லாத நண்பர்கள் குறைவு. நானும் சில வருடம் அதை நம்பினேன். நான் ஆவண எழுத்தர். சார் பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், நாள் முழுக்க அடுத்தவர் நிலம்.

வேலை பார்த்துக்கொண்டே கதை எழுதுவது நம் குமரி மாவட்டத்துக்குப் புதிதல்ல. சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார். தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகமது மீரான் மிளகாய் வற்றல் வியாபாரி. 1997இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். இரணியலைத் 'தலைமுறைகள்' நாவலில் எழுதிய நீல பத்மநாபன் மின்வாரியப் பொறியாளராக இருந்தவர். இவர்களைச் சொல்லித்தான் நாம் நம்மைத் தேற்றிக்கொள்கிறோம். கடையைச் சாத்திவிட்டு வந்த பிறகு எத்தனை இரவு வெறுந்தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நாம் கேட்பதில்லை.

வேலை எழுத்தைக் கெடுக்கவும் செய்யும். என் முதல் கதையில் காதலன் 'மேற்படி பெண்ணை' ஆற்றங்கரையில் சந்தித்தான். பத்திரிகை திருப்பி அனுப்பியது, நியாயம்தான்.

ஆனால் பத்திரத்தில் ஒரு சொல் வழுக்கினால் இரண்டு தலைமுறை கோர்ட்டுக்கு நடக்கும். 'கிழக்கே பாதை' என்று எழுதினால் போதாது. எத்தனை அடி? யார் நடக்கலாம்? வண்டி போகலாமா? இந்தக் கேள்விகளை என் கதைகளிடம் கேட்கத் தொடங்கியபோது பாதிக் கதைகள் பதில் சொல்ல முடியாமல் நின்றன.

ஒரு மூதாட்டி வந்தார். பதினொரு சென்ட் விளையை மகனுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லாம் முடிந்து வாசித்துக் காட்டினேன். "மக்களே, அந்த வரிக்கைப் பிலாவு மட்டும் நான் சாகிறது வரை எனக்குன்னு எழுது" என்றார். மகன் தரையைப் பார்த்தான். தென்மேற்கு மூலையில் நிற்கும் பலாமரத்தின் காய்பலன்களை எழுதிக் கொடுப்பவர் தம் ஆயுள்வரை அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று ஒரு வரி சேர்த்தேன். திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு முறை என்றார்.

அன்றிரவு அதைக் கதையாக்க ஆறு பக்கம் எழுதினேன். அம்மாவின் கண்ணீர், மகனின் குற்ற உணர்வு, காற்றில் அசையும் இலை என்று எல்லாம் இருந்தது. பத்திரத்தின் அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. கிழித்துவிட்டேன். இன்றுவரை அந்தக் கதை எனக்குப் பிடிபடவில்லை.

ஆனி மாதம் அவரே மறுபடி வந்தார். மேசையில் இருந்த பத்திரக் கட்டுகளை ஒதுக்கி, வாழையிலையில் பொதிந்த அரைப் பலாப்பழத்தை வைத்தார்.

"எழுதினதுக்குக் கூலி" என்றார்.