விதி பிறகு வரட்டும், வாய் முதலில் திறக்கட்டும்

நடுவர் அவர்களே, மழையையும் பார்க்காமல் ஹட்டனிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் வந்திருக்கும் பெற்றோரே, டீச்சர்மாரே, வணக்கம். சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும்போது முதலில் வர வேண்டியது இலக்கண விதியா, பேச்சுப் பழக்கமா என்பது தலைப்பு. நான் பேச்சுப் பழக்கத்தின் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய ஐயா ஒரு நல்ல கேள்வி கேட்டார். கொழும்புப் பிள்ளைக்கு வீட்டிலும் கடையிலும் ஆங்கிலம் காதில் விழுகிறது, நம் தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு இடமில்லை, அதனால் விதியைச் சொன்னால்தானே பிடித்துக்கொள்ளும் என்றார். காதில் விழாது என்பது முழுக்க உண்மை. அதனால்தான் சொல்கிறேன், கிடைக்கிற ஒரே பாடவேளையில் பாதியைத் தமிழில் விளக்கம் எழுதிப்போட்டே கழித்துவிட்டால், அந்தப் பிள்ளை ஆங்கிலத்தை எங்கே போய்க் கேட்கும், எப்போது பேசும்?

மூன்றாம் தரத்துக் கொப்பி ஒன்றைத் திறந்து பாருங்கள். 'ப்ரெசன்ட் கன்டினியூயஸ் டென்ஸ்' என்று சிவப்பில் கோடிட்ட தலைப்பு, கீழே விளக்கம், எல்லாம் அழகான கையெழுத்தில் இருக்கும். அதே பிள்ளையிடம் ஜன்னலைக் காட்டி, அந்த அக்கா என்ன செய்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும்.

இதையே வேறு மாதிரிச் செய்யலாம். ஒரு பிள்ளை முன்னால் வந்து, வாயைத் திறக்காமல் ஒரு வேலையை நடித்துக் காட்டட்டும். 'ஆர் யூ ப்ளக்கிங் டீ?' என்று ஒருவன் கேட்பான். 'நோ, ஐ ஆம் நொட்.' 'ஆர் யூ வொஷிங் க்ளோத்ஸ்?' 'யெஸ், ஐ ஆம்!' அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் கேள்வியில் 'ஆர்' முன்னால் போக வேண்டும், வினையோடு 'இங்' சேர வேண்டும், பதிலில் 'ஐ ஆம்' வர வேண்டும் என்ற மூன்றும் அந்தக் கூச்சலுக்குள்ளேயே திரும்பத் திரும்ப வந்து வாயில் உட்கார்ந்துவிடுகின்றன. இதுவும் இலக்கணப் பாடம்தான், நடுவர் அவர்களே! இலக்கணம் நன்றாகத் தெரிந்த டீச்சரால்தான் இதைத் திட்டமிட முடியும். பிள்ளைக்கு அதன் பெயர் இப்போதைக்குத் தேவையில்லை.

அப்படியென்றால் பிழையாகப் பேசுவார்களே என்று கேட்பீர்கள். பேசுவார்கள்தான். தமிழில் 'சாப்பிடுகிறேன்' என்றாலே யார் என்பது வினையின் முடிவில் தெரிந்துவிடுகிறது, அந்தப் பழக்கத்தில் பிள்ளை 'ஈட்டிங் ரொட்டி' என்று 'ஐ ஆம்' இல்லாமல் சொல்லும். 'மை மதர் கோ டு வர்க்' என்று, 'கோஸ்' என்பதன் கடைசி எஸ்ஸை விட்டுவிடும். அந்த எஸ் ஆங்கிலம் தாய்மொழியான குழந்தைகளுக்கே லேசில் வருவதில்லை. ரோஜர் பிரவுன் என்ற அமெரிக்க உளவியலாளர் மூன்று குழந்தைகளின் பேச்சை நெடுங்காலம் கவனித்து 1973இல் வெளியிட்ட ஆய்வில், 'இங்' மிக முன்னதாக வந்தது, இந்த எஸ் வெகு பின்னால்தான் வந்தது. வீடு முழுக்க ஆங்கிலம் கேட்கிற குழந்தைக்கே அப்படி இருக்க, நம் பிள்ளை அதை விட்டதற்காகச் சிவப்புப் பேனாவைத் தூக்குவது நியாயமா? 'யுவர் மதர் கோஸ் டு வர்க்? வென்?' என்று டீச்சர் சரியான வடிவத்தைத் திருப்பிச் சொல்லி, அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டால் போதும், பேச்சும் நிற்காது, பிள்ளையின் முகமும் சுருங்காது. பிழைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்ட பிள்ளையை எட்டாம் தரத்தில் பேச வைப்பது எவ்வளவு பாடு என்று இங்கே இருக்கிற டீச்சர்மாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இது நானாகக் கண்டுபிடித்த வழியும் இல்லை. 1990களின் கடைசியில் இலங்கையில் வந்த கல்விச் சீர்திருத்தமே முதலிரண்டு தரங்களுக்கு வாய்மொழி ஆங்கிலத்தைத்தான் வைத்தது, பாடநூல் மூன்றாம் தரத்தில்தான்.

சரி, பரீட்சை? சாதாரண தரப் பரீட்சையில் எழுதத்தான் வேண்டும், விதியும் தெரியத்தான் வேண்டும். அதை ஆறாம் தரத்திலிருந்து நேராகவே சொல்லிக் கொடுங்கள், அந்த வயதில் விதியை விதியாகப் புரிந்துகொள்ளும் பக்குவம் கூடியிருக்கும், ஏற்கெனவே பேசிப் பழகிய வாக்கியங்களுக்குப் பெயர் வைப்பது போல அது சுலபமாகவும் இருக்கும். ஐந்தாம் தரம் வரைக்கும் அந்தப் பாடவேளையை எங்கள் பிள்ளைகள் பேசுவதற்கு விட்டுத் தர வேண்டும் என்பதே எங்கள் அணியின் கோரிக்கை. நன்றி.