சாராள் தக்கர் யார்?

நேயர்களே, வணக்கம். பாளையங்கோட்டையில் யாராவது வழி கேட்டால், ஏதாவது ஒரு காலேஜைத்தானே அடையாளம் சொல்வோம்? சேவியர் காலேஜ் தாண்டி, ஜான்ஸ் காலேஜ் பக்கத்தில், சாராள் தக்கர் ஸ்டாப்பில் இறங்கி... அந்தச் சாராள் தக்கரில் படித்தவள் நான். "சாராள்னா யாரும்மா?" என்று பிள்ளைகளிடம் கேட்டால், "கட்டடம் கட்டிக்கொடுத்த அம்மா", இல்லையென்றால் "முதல் பிரின்ஸ்பால்" என்பார்கள்.

இரண்டும் இல்லை. அந்த அம்மா இந்தியாவுக்கே வந்ததில்லை. இதை நான் எங்கே பேசினாலும் சொல்லாமல் விடுவதில்லை. தாமிரபரணித் தண்ணீர் ஒரு வாய் குடித்ததில்லை. இங்கிலாந்தில் இருந்தார், உடல்நலம் குன்றியவர். அவருடைய சகோதரர் ஜான் தக்கர், 1830-களிலும் 40-களிலும் சென்னையில் சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளர். அங்கிருந்து வந்த சேதிகளையும் அறிக்கைகளையும் வைத்துக்கொண்டு, நம் தென்சீமையைப் பற்றி அந்த நாட்டு இளையவர்களுக்காகப் புத்தகம் எழுதினார் சாராள். யோசித்துப் பாருங்கள், பாளையங்கோட்டை வெயிலையே பார்க்காதவர்! கண்ணால் பார்க்காத ஊர்ப் பிள்ளைகள் மேல் அத்தனை கரிசனம்.

அவர் மறைந்த பிறகு சிநேகிதிகள் பணம் திரட்டினார்கள். சிலை வைக்கவில்லை. கிராமத்துப் பெண்பிள்ளைகளை வாத்தியாரம்மாவாக ஆக்க, பாளையங்கோட்டையில் அவர் பெயரிலேயே ஒரு பயிற்சிப்பள்ளி வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணே அபூர்வமாக இருந்த காலம் அது. அந்த வேரிலிருந்துதான் 1895-ல் கல்லூரி வந்தது. இன்றைக்குப் பெருமாள்புரத்தில் இருக்கிறது. இடம் மாறியது, கட்டடம் மாறியது, பெயர் மட்டும் மாறவில்லை.

இதே ஊரில் பிளாரன்ஸ் சுவைன்சன் அம்மா நேரிலேயே வந்து, காது கேளாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பள்ளிக்கு அவர் பெயர். வந்தவர் பெயரும் நிற்கிறது, வராதவர் பெயரும் நிற்கிறது. நான் கேட்பது ஒன்றுதான்: முதல் வருடம் சேரும் பிள்ளைகளுக்கு, அட்டவணை கொடுக்கும் அன்றைக்கே இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். பத்து நிமிஷம் போதும்.

அடுத்து ம.தி.தா. இந்துக் கல்லூரி. நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். பாரதி பள்ளிப்பாடம் படித்த நிறுவனம், புதுமைப்பித்தன் பி.ஏ. படித்த கல்லூரி. ம.தி.தா. என்றால் மதுரை திரவியம் தாயுமானவர். தயவுசெய்து ஒருமுறையாவது முழுப்பெயரைச் சொல்லிப் பழகுங்கள். வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.