வெப்பமண்டலக் கடலுக்கும் பருவம் உண்டு: பச்சையாகத் தெரிந்தால் போதுமா?

(திரையில்: செயற்கைக்கோள் படங்களில் கடலின் நிறம் மாதம் மாதமாக மாறுகிறது)

வடக்கு அட்லாண்டிக்கில் வசந்தம் வந்ததும் கடல் பச்சை பிடிக்கிறது. வெப்பமண்டலக் கடலைப் பாருங்கள். வருடம் முழுக்க வெயில், பெரும்பகுதி வருடம் முழுக்க நீலம். அப்படியென்றால் அங்கே பருவமே கிடையாதா?

உண்டு. ஆனால் வெயிலை விட அதிகமாக அதைத் தீர்மானிப்பது காற்று. கடலுக்குப் பச்சை நிறம் தருபவை மிதவைத் தாவரங்கள், நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்கு வெளிச்சம் மட்டும் போதாது. நைட்ரேட், பாஸ்பேட், இரும்பு போன்ற சத்துகளும் வேண்டும். அந்தச் சத்துகள் தேங்கிக் கிடப்பது ஆழத்தில், இருட்டில். மேலே சூடான, லேசான நீர் மிதக்கும்வரை கீழே இருப்பது எளிதில் மேலே வராது. யாராவது கலக்கிவிட வேண்டும்.

(திரையில்: அரபிக்கடல், காற்றின் திசை அம்புக்குறிகளாக)

அரபிக்கடலில் அந்த வேலை வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியா, ஓமான் கரையோர நீரைத் தள்ளிக்கொண்டு போக, அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலேறுகிறது. டயாட்டம்கள் என்ற ஒருவகை மிதவைத் தாவரங்கள் பெருகுகின்றன. அப்புறம் குளிர்காலத்தில் வறண்ட வடகிழக்குக் காற்று, கடலின் வடபகுதியில் மேல்நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிறது. குளிர்ந்த நீர் கனத்து இறங்க, கீழ்நீரோடு கலந்து சத்துகள் மேலே வருகின்றன. மறுபடியும் பச்சை.

இதுவரை சுலபம். சிக்கல் ஹவாயில் தொடங்குகிறது.

(திரையில்: ஆய்வுக் கப்பல், விடியலுக்கு முந்தைய இருட்டு)

ஒவாஹு தீவுக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டரில், அலோஹா என்ற ஆய்விடத்தில் 1988 அக்டோபரிலிருந்து ஏறக்குறைய மாதம் ஒருமுறை கடலை அளக்கிறார்கள். விடிவதற்கு முன் பல ஆழங்களிலிருந்து நீரை எடுத்து, குப்பிகளில் ஊற்றி, கதிரியக்கக் கார்பன்-14 கொஞ்சம் சேர்த்து, எந்த ஆழத்தில் எடுத்தார்களோ அதே ஆழத்தில் கயிற்றில் தொங்கவிடுகிறார்கள். பொழுது சாய்ந்ததும் எடுத்து வடிகட்டி, செல்களுக்குள் எவ்வளவு கார்பன் போயிருக்கிறது என்று எண்ணுகிறார்கள். தாவரங்கள் அன்றைக்குப் புதிதாக ஆக்கிய பொருளின் அளவு அது, அதாவது உற்பத்தி. டென்மார்க்கின் ஸ்டீமன் நீல்சன் 1952இல் வெளியிட்ட முறை இது.

அங்கே மேல்நீரில் பச்சையம் கூடுவது குளிர்காலத்தில். உற்பத்தி உச்சிக்குப் போவதோ கோடையில்! வெளிச்சம் குறையும்போது ஒவ்வொரு செல்லும் கூடுதலாகப் பச்சையம் வைத்துக்கொள்கிறது. தாவரம் பெருகவில்லை, நிறம்தான் அடர்ந்திருக்கிறது. செயற்கைக்கோள் வரைபடத்தை மட்டும் பார்த்து ‘குளிர்காலத்தில் உயிர்ப்பொருள் கூடுகிறது’ என்று எழுதும் கட்டுரைகளை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

சரி, உயிர்ப்பொருளையே, அதாவது அந்த நேரத்தில் நீரில் இருக்கும் தாவரங்களின் மொத்த எடையையே, நேரடியாக அளந்தால்? அதுவும் உற்பத்தியைச் சொல்லிவிடாது. அந்த நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் புரோகுளோரோகாக்கஸ் என்ற ஒளிச்சேர்க்கை பாக்டீரியா செல்கள் இருக்கும், அவ்வளவு பொடிசு. அவை நாளுக்கு நாள் பெருகுகின்றன, பெருகியதில் பெரும்பகுதியை ஒற்றைச்செல் நுண்ணுயிரிகள் கிட்டத்தட்ட அதே வேகத்தில் தின்றுவிடுகின்றன. மேய்ச்சல் நிலத்தில் புல் குட்டையாக இருப்பதைப் பார்த்துப் புல்லே வளரவில்லை என்று முடிவு கட்டலாமா? ஆடுகள்தான் அங்கேயே நிற்கின்றனவே.

(திரையில்: இறால் இனத்தைச் சேர்ந்த பொடி விலங்கான கோப்பிபாட், நுண்ணோக்கிக் காட்சி)

இதன் விசித்திரமான முகம் மீண்டும் அரபிக்கடலில். தாவர உற்பத்தி பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கினாலும், திறந்த கடலின் மேலடுக்கில் விலங்கு மிதவைகளின், அதாவது கோப்பிபாட் போல நீரோடு மிதந்து திரியும் சிறு விலங்குகளின், அளவு வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி. ‘அரபிக்கடல் முரண்’ என்றே இதற்குப் பெயர். தாவரம் குறைந்த மாதங்களில் கரைந்த கரிமப் பொருளைப் பாக்டீரியாக்கள் உண்ண, அந்தப் பாக்டீரியாக்களை ஒற்றைச்செல் உயிரிகள் உண்ண, அவற்றைக் கோப்பிபாட்கள் பிடித்துத் தின்கின்றன என்பது ஒரு விளக்கம். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: அங்கே சுமார் 150 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் மிகக் குறைவு. அதனால் பல விலங்குகளுக்கு மேலடுக்கை விட்டால் போக்கிடம் இல்லை.

எல்லாமே அப்படி அல்ல. சோமாலியக் கரையில் கலனாய்டஸ் என்ற கோப்பிபாட், ஆழத்து நீர் மேலேறும் மாதங்களில் மேலே வந்து தின்று கொழுக்கிறது. காற்று அடங்கியதும் உடம்பில் சேர்த்த கொழுப்போடு 500 மீட்டருக்கும் கீழே இறங்கி, அடுத்த தென்மேற்குக் காற்று வரும்வரை பட்டினி கிடக்கிறது.