தேன் எடுத்தவன் கையைக் கட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் கண் அயராமல் உட்கார்ந்திருக்கும் ஹூஸ்டன் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

இன்றைய தலைப்பு: கல்லூரி விளையாட்டு வீரரின் கையெழுத்துக்கு ரசிகர் காசு கொடுப்பது முறையா, முறையற்றதா? முறைதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், வேலிக்கு அந்தப் பக்கம் வீரன், இந்தப் பக்கம் தொப்பியை நீட்டும் ஏழு வயதுக் குழந்தை என்று ஒரு காட்சியைச் சொல்லி, "அந்தக் குழந்தையிடம் போய்க் காசு கேட்பீர்களா, அன்புக்கு விலை வைப்பீர்களா?" என்று கேட்டார். கைதட்டல் பலமாக இருந்தது. என் மனைவியும் கைதட்டினார், பார்த்தேன்.

அன்புக்கு விலை வைக்கக்கூடாதுதான். ஆனால் அந்தக் குழந்தை வேலி வரைக்கும் எப்படி வந்தது? இங்கிருந்து காலேஜ் ஸ்டேஷனுக்கு ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டி வந்தது. பார்க்கிங்குக்குக் காசு. டிக்கெட்டுக்குக் காசு. அரக்கு நிற ஜெர்சிக்குக் காசு. உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினால் அதற்கு இரட்டைக் காசு. அங்கே டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் மைதானமான கைல் ஃபீல்டில் 1,00,000 பேருக்கு மேல் அமரலாம் என்பார்கள். அமரலாம் என்பது பேச்சுக்குத்தான், மாணவர்கள் ஆட்டம் முடியும்வரை நின்றுகொண்டேதான் பார்ப்பார்கள். அத்தனை பேரும் ஒவ்வொரு வாசலிலும் அன்புக்குக் காசு கட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். அங்கெல்லாம் நம் எதிரணிக்குக் கண் கலங்கவில்லை. கடைசியில், யாரைப் பார்க்க இத்தனை பேரும் வந்தார்களோ அந்தப் பையன் பேனாவைத் திறக்கும்போது மட்டும், "ஐயோ, அன்பு கெட்டுவிடும்!" என்கிறார்கள்.

நடுவர் அவர்களே, உங்களுக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறோம். ஹோட்டல் போட்டிருக்கிறோம். நிகழ்ச்சி முடிந்ததும் செயலாளர் ஒரு கவரும் தருவார். அதனால் உங்கள் மேல் எங்களுக்கு இருக்கும் அன்பு ஒரு குண்டுமணி குறைந்திருக்கிறதா, சொல்லுங்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். ஜானி மான்ஸெல். டெக்சஸில் பத்து வருடத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டெக்சஸ் ஏ அண்ட் எம்மின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். 2012-இல், ஆண்டின் சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்குக் கொடுக்கும் ஹெய்ஸ்மன் கோப்பை வாங்கினார். முதலாண்டு ஆட்டக்காரர் ஒருவர் அதை வாங்கியது அதுதான் முதல் தடவை. அடுத்த கோடையில், கையெழுத்துப் போட்டுக் காசு வாங்கினார் என்று புகார் கிளம்பியது. கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. விசாரித்தது. காசு வாங்கியதற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். சரி, விட்டுவிட்டார்களா? இல்லை. நீ போட்ட கையெழுத்தை இன்னொருவன் விற்பான் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லி, 2013 ஆகஸ்ட் 31 அன்று நம்ம ஊர் ரைஸ் பல்கலைக்கழகத்தோடு நடந்த ஆட்டத்தில் பாதி நேரம் வெளியே உட்கார வைத்தார்கள். விற்றவனுக்கு ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டவனுக்குத் தண்டனை.

எதிரணி இப்போது எழுந்து, "அவர் பிற்பாடு ஓர் ஆவணப்படத்தில் காசு வாங்கியதை ஒப்புக்கொண்டாரே!" என்று சொல்லும். ஒப்புக்கொண்டார். பொய் சொன்னது தப்பு. ஆனால் தன் பெயரைத் தானே எழுதிக் காசு வாங்கியதை ஒரு பையன் ஏன் பொய் சொல்லி மறைக்க வேண்டியிருந்தது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

அதே ஆகஸ்ட் மாதத்தில் நடந்த இன்னொரு கூத்து. ஜே பிலாஸ் என்று ஒருவர், பழைய டியூக் கூடைப்பந்து வீரர், வக்கீல், டிவியில் விமர்சனம் செய்பவர். அவர் என்.சி.ஏ.ஏ. பெயரில் நடந்த ஆன்லைன் கடைக்குப் போய், தேடும் கட்டத்தில் 'மான்ஸெல்' என்று தட்டினார். என்ன வந்தது? ஏ அண்ட் எம்மின் 2-ஆம் எண் ஜெர்சி. மான்ஸெல் போடும் எண். ஜெர்சியில் பெயர் இல்லை, தேடினால் மட்டும் பெயர் தெரிகிறது! அதைப் படம் எடுத்து ட்விட்டரில் போட்டார். இரண்டு நாளில் என்.சி.ஏ.ஏ. தலைவர், இது சரியில்லை, அந்த விற்பனையை நிறுத்துகிறோம் என்றார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் ஊரில் சொல்வதற்கு இதைவிட நல்ல விளக்கவுரை கிடைக்காது.

அந்த வருடக் கடைசியில் ஏ அண்ட் எம் பயிற்சியாளருக்கு ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் என்று புது ஒப்பந்தம் போட்டார்கள். மைதானத்தை இடித்துக் கட்ட 45 கோடி டாலர் திட்டம் அதற்கு முன்பே முடிவாகிவிட்டது. பையன் மட்டும் அமெச்சூர், காசு வாங்காமல் ஆட வேண்டியவன். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்பது நம் பழமொழி. இங்கே தேன் எடுத்தவனின் கையைக் கட்டிவிட்டு ஊரே நக்கியது.

இதைவிட மனதை உறுத்துவது டாட் கர்லியின் கதை. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ரன்னிங் பேக், அதாவது பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர். 2014-இல் அவர் ஆடியதைப் பார்த்தவர்கள், அந்த வருட ஹெய்ஸ்மன் இவருக்குத்தான் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அக்டோபரில் திடீரென்று நிறுத்தி வைத்தார்கள். குற்றம் என்ன? இரண்டு வருடத்தில் பல பேரிடம் கையெழுத்துப் போட்டு 3,000 டாலருக்குச் சற்று மேல் வாங்கியிருக்கிறார். கணக்குப் போட்டால் மாதத்துக்கு 125 டாலர் சொச்சம். இந்த அரங்கத்தில் இருப்பவர்கள் காஸ்ட்கோவில் ஒரு தடவை உள்ளே போய் வெளியே வந்தால் ஆகும் செலவு. அதற்கு நான்கு ஆட்டம் தடை.

தடை முடிந்து நவம்பர் 15 அன்று ஆபர்ன் அணிக்கு எதிராக இறங்கினார். ஜார்ஜியா 34-7 என்று ஜெயித்தது. அந்த ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் கர்லிக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. அதோடு அவருடைய கல்லூரி ஆட்டம் முடிந்தது.

அவர் அதிர்ஷ்டக்காரர், அடுத்த ஆண்டு தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.-இன் புது வீரர் தேர்வில் ராம்ஸ் அணி பத்தாவது ஆளாக எடுத்துக்கொண்டது, பிறகு பெரிய ஆளானார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கல்லூரியில் ஃபுட்பால் ஆடுகிறவர்களில் என்.எஃப்.எல். வரை போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூடக் கிடையாது. மற்ற தொண்ணூற்றெட்டுப் பேரின் கையெழுத்துக்கு யாராவது ஆசைப்பட்டால், அது அந்த மூன்று நான்கு வருடம்தான். முழங்கால் போய்விட்டால் அதுவும் இல்லை. பிறகு அவர் எங்கோ இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டு, தினம் ஐம்பது கையெழுத்துப் போடுவார். ஒருவரும் அதை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டப்போவதில்லை.

கர்லி விவகாரத்துக்குப் பிறகு ஜார்ஜியா மாநிலம் 2015-இல் ஒரு சட்டமே போட்டது. இப்படிக் காசு கொடுத்து வீரரின் ஆட்டத் தகுதியைப் பறிபோகச் செய்பவருக்கு 25,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. அதாவது ரசிகருக்கு! எதிரணி சொல்கிற அன்பைக் காப்பாற்ற, ரசிகனைக் கம்பி எண்ண வைக்கவும் தயாராக இருந்தார்கள்.

பிறகு என்ன ஆனது? வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று 2019-இல் கலிஃபோர்னியா முதலில் சட்டம் கொண்டுவந்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம், வேறொரு வழக்கில்தான், ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனது. ஜூன் 30 ராத்திரி வரை குற்றம், ஜூலை 1 காலையில் தொழில். அன்றோடு அன்பு செத்துவிட்டதா? மைதானம் காலியாகிவிட்டதா? போன சீசனில் டிக்கெட் கிடைக்காமல் என்னிடம் கேட்டவர் எதிரணித் தலைவர்தான், இதை அவர் மறுக்கமாட்டார்.

இரண்டாவதாகப் பேசிய அக்கா, "ஸ்காலர்ஷிப் கொடுக்கிறார்களே, போதாதா?" என்றார். அதே கல்லூரியில் ஸ்காலர்ஷிப்பில் வயலின் படிக்கும் பெண் வார இறுதியில் கல்யாணத்துக்கு வாசித்துக் காசு வாங்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அவ்வளவுதான் என் பதில்.

அவர் கேட்ட இன்னொரு கேள்வி கனமானது, அதைத் தாண்டிப் போக மாட்டேன். பணக்கார ஆதரவாளர் ஒருவர் வந்து, ஒரே ஒரு கையெழுத்துக்கு 50,000 டாலர் என்று நீட்டினால், அது கையெழுத்துக்கா, அல்லது "எங்கள் கல்லூரிக்கே வந்து ஆடு" என்பதற்கா? உண்மைதான், இது நடக்கக்கூடியது. கையெழுத்து ஒரு முகமூடி ஆகலாம். அதற்காகத்தான் 2025-இல் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பிறகு, 600 டாலரும் அதற்கு மேலும் உள்ள ஒப்பந்தங்களை வீரர்கள் தெரிவிக்க வேண்டும் என்றும், ஆதரவாளர்கள் கொடுக்கும் பணம் நியாயமான மதிப்புதானா என்று பார்ப்பது என்றும் விதி வந்தது. அது எந்த அளவுக்குப் பலிக்கும் என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. ஆனால் நம் தலைப்பு ரசிகரைப் பற்றியது. 50,000 கொடுப்பவர் ரசிகர் இல்லை, ஆள் பிடிப்பவர். கள்ள நோட்டு இருக்கிறது என்பதற்காக மளிகைக் கடையை மூடச் சொல்வோமா?

"கல்லூரியே இப்போது வருமானத்தில் பங்கு கொடுக்கிறதே, இனி ரசிகர் எதற்கு?" என்றும் கேட்டார்கள். கொடுக்கிறது. 2025-26-இல் ஒரு கல்லூரி ஏறக்குறைய 2 கோடி டாலர் வரை பகிரலாம். அதில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. யு.சி.எல்.ஏ. ஜிம்னாஸ்ட் கேட்லின் ஒஹாஷியை நினைத்துப் பாருங்கள். 2019 ஜனவரியில் அவர் பத்துக்குப் பத்து வாங்கிய அந்தத் தரை ஆட்டத்தின் வீடியோ உங்கள் வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும். கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அவர் அதை வைத்து ஒரு டாலர்கூடச் சம்பாதிக்க முடியவில்லை, விதி அப்போது அப்படி. ஜிம்னாஸ்டிக்ஸில் கல்லூரியை முடித்தபின் போய்ச் சேர என்.எஃப்.எல். மாதிரி எதுவும் கிடையாது. அவருக்கு இருந்த சந்தை அந்தக் கல்லூரி வருடங்கள் மட்டும்தான்.

கடைசியாக என் வீட்டுக் கதை ஒன்று. போன வருடம் என் மகள் யாழினியை ஒரு கல்லூரி வாலிபால் வீராங்கனை கையெழுத்துப் போடும் இடத்துக்குக் கூட்டிப்போனேன். ஒரு மடக்கு மேசை, கறுப்பு ஷார்ப்பி பேனா மூன்று, பக்கத்தில் அட்டையில் விலை: பந்துக்கு 20 டாலர். அவருடைய அணித் தோழி ஒருத்தி மேசைக்குப் பின்னால் நின்று பந்துகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், உட்காரவில்லை. வெளிநாட்டுப் பெண், எஃப்-1 மாணவர் விசா, கையெழுத்துக்குக் காசு வாங்கினால் விசாவுக்கு வம்பு. எஃப்-1 என்றதும் இங்கே பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது.

எங்களுக்கு முன்னால் நின்றவர் ஒரு பெரிய பை நிறையப் பந்து கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றாக நீட்டி, "பெயர் எதுவும் வேண்டாம், கையெழுத்து மட்டும்" என்றார். சபையோரே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் எழுதிய பந்து ஈபேயில் விலை போகாது. 'மேரிக்கு அன்புடன்' என்று எழுதினால் மேரி மட்டும்தான் வாங்குவாள். அதனால் வியாபாரி எப்போதும் பெயர் வேண்டாம் என்பார். அவரிடமும் பந்துக்கு 20 டாலர் வாங்கினார்கள், மனம் குளிர்ந்தது. பழைய விதியாக இருந்தால் அத்தனை பந்துக்கும் அந்தப் பெண் இலவசமாகக் கையெழுத்துப் போட்டிருப்பாள், அவர் வீட்டுக்குப் போய் லாபம் பார்த்திருப்பார்.

எங்கள் முறை வந்தது. அந்தப் பெண் நிமிர்ந்து, "உன் பெயர் என்ன?" என்றாள். யாழினி என்றாள் என் மகள். எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னாள். இசட்-ஹெச் வந்ததும் பேனா நின்றது. "இதை எப்படிச் சொல்ல வேண்டும்?" வரிசையில் இருபது பேர் காத்திருக்க, என் மகள் நாக்கை மடித்து ழகரம் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பெண் மூன்று தடவை முயன்று, இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை ஏறக்குறைய சரியாகச் சொல்லிவிட்டு எழுதினாள். காசு கொடுத்து வாங்கிய கையெழுத்துதான். அந்தப் பந்து இப்போது எங்கள் வீட்டுக் கொலு பொம்மைகள் இருக்கும் அலமாரியில் இருக்கிறது. அதை யாரும் விலைக்குக் கேட்கப்போவதில்லை.

மணி அடித்துவிட்டீர்கள், உட்காருகிறேன் நடுவர் அவர்களே. போகும்போது இந்த அழைப்பிதழில் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். என் பெயரையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.